ஏசி கேஸில் கை வைப்பதற்கு முன்: புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

ஏசி வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, ஆர்-32க்கு எவ்வளவு பிரஷர் வைக்கணும்?" என்றுதான் (ஆர்-32, ஆர்-22 என்பவை ஏசிக்குள் ஓடும் கேஸ் வகைகளின் பெயர்கள்). கேஸை யாரிடம் வாங்குவது, எதில் ஏற்றிக்கொண்டு போவது, பழைய மெஷினில் இருக்கிற கேஸை என்ன செய்வது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அதிலெல்லாம் சட்டம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் சொல்லித் தருவதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு ஏசி, ஃப்ரிட்ஜ், கடை ஃப்ரீசர் சர்வீஸ் பார்க்கப் போகிறவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பையில் ஒரு டிஜிட்டல் தராசும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு, மெஷினுக்குள் போகிற கேஸையும் வெளியே வருகிற கேஸையும் கிராம் கணக்கில் எழுதி வைக்கிறவர் பெரும்பாலும் சட்டத்துக்கு உள்ளேதான் இருப்பார், வேலையும் சுத்தமாக இருக்கும். கேஜ் முள்ளை மட்டும் பார்த்து கேஸ் 'அடிக்கிறவர்' எந்தச் சட்டத்தை எப்போது மீறினோம் என்று தெரியாமலே மீறிக்கொண்டிருப்பார்.

சட்டம் எங்கே பிடிக்கிறது

இந்தியாவில் இதற்கென்று ஒரே புத்தகம் கிடையாது, நாலைந்து விதிகளில் சிதறிக் கிடக்கிறது. முக்கியமானது 2000ஆம் ஆண்டில் வந்த ஓசோன் சிதைவுப் பொருள்கள் (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை இவை. ஆர்-22 இந்த விதிகளுக்குள் வருகிறது. விற்கிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பழைய கேஸைச் சுத்திகரித்து மறுபடி விற்பது என்றால் அதற்கும் பதிவு தேவை. மீறினால் முன்பு சிறைத் தண்டனை இருந்தது. சிறைக்குப் பதில் அபராதம் என்று மாற்றிய ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரல் முதல், அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகலாம்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகள். இதைப் பார்த்துக்கொள்வது நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பெசோ, அதாவது பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. மெக்கானிக்குகள் தினமும் மீறுவது இதைத்தான், கீழே விரிவாகச் சொல்கிறேன். இவை போக, கழிவு எண்ணெய்க்கு அபாயக் கழிவு விதிகள், பழைய ஏசி, ஃப்ரிட்ஜுக்கு மின்கழிவு விதிகள் என்று இருக்கின்றன.

எந்த கேஸுக்கு எத்தனை நாள் ஆயுள்

பழைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 கதை 2010லேயே முடிந்துவிட்டது. ஆர்-22 இப்போது கடைசிக் காலத்தில் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் புதிய மெஷின் தயாரிப்பில் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் "ஆர்-22 தடை பண்ணிட்டாங்க, உங்க மெஷினைத் தூக்கிப் போடுங்க" என்று சொல்லிப் புது ஏசி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். ஏற்கனவே ஓடுகிற மெஷினுக்கு சர்வீஸ் செய்வது சட்டப்படி சரிதான். நாட்டின் மொத்தப் பயன்பாடுதான் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது: 2025ல் 67.5 சதவீதம் வெட்டு, 2030ல் முழுவதும், அதற்குப் பிறகு 2040 வரை சர்வீஸுக்காக மட்டும் 2.5 சதவீதம். அதனால் விலை ஏறிக்கொண்டே போகும், விலை ஏறினால் போலி கேஸும் வரும்.

ஆர்-32, ஆர்-410ஏ, ஆர்-134ஏ ஆகியவை ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் போனால் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு போனதற்குச் சமம். ஆர்-22க்கு 1,810, ஆர்-134ஏக்கு 1,430, ஆர்-32க்கு 675. ருவாண்டாவின் கிகாலி நகரில் 2016ல் போட்ட ஒப்பந்தத்தை இந்தியா 2021 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. அதன்படி இவற்றின் பயன்பாடு 2028ல் ஓர் அளவோடு நிறுத்தப்பட்டு, 2032ல் 10 சதவீதம் என்று தொடங்கி 2047க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும். இன்று இருபது வயதில் தொழிலுக்கு வருகிறவர் இதையெல்லாம் தன் கண்ணாலேயே பார்ப்பார்.

இன்னொன்று, ஆர்-141பி. லைன் ஃப்ளஷ் செய்ய, அதாவது குழாயின் உள்பக்கத்தைக் கழுவ, டப்பாவில் வாங்கி ஊற்றுவார்களே, அது. இதுவும் ஓசோனைக் கெடுக்கிற பொருள்தான். 2020 ஜனவரி முதல் இதை இறக்குமதி செய்ய உரிமம் கொடுப்பதில்லை. எங்காவது கடையில் "பழைய ஸ்டாக்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். ட்ரை நைட்ரஜன் வைத்து ஊதினாலே முக்கால்வாசி அழுக்கு வந்துவிடும்.

வாங்கும்போது

பில் இல்லாமல் கேஸ் வாங்காதீர்கள். பில்லில் கேஸின் பெயரும் எடையும் இருக்க வேண்டும். மாஃப்ரான், ஃப்ளோரான், ரெஃப்ரான் என்று உள்நாட்டுக் கம்பெனிப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே பெயரை அச்சடித்த டப்பா பாதி விலைக்குக் கிடைத்தால் உள்ளே இருப்பது வேறு ஏதோ. 2011ல் கப்பல் கண்டெய்னர்களின் குளிர்சாதன யூனிட்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் போனதுதான் காரணம். அது அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளாக மாறிவிடுகிறது.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. சிலிண்டரை நிழலில் சில மணி நேரம் வைத்துவிட்டு, அறை வெப்பத்தைப் பார்த்து, கேஜை மாட்டுங்கள். 30 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும், ஆர்-22 சுமார் 158, ஆர்-410ஏ 260க்குப் பக்கத்தில், ஆர்-32 265க்குப் பக்கத்தில். பத்துப் பதினைந்து பிஎஸ்ஐ தள்ளி நின்றால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து பிஎஸ்ஐதான் என்பதைக் கவனியுங்கள். பிரஷரை வைத்து ஆர்-32ஆ ஆர்-410ஏவா என்று யாராலும் சொல்ல முடியாது, மெஷின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

எடுத்துப் போகும்போது

இங்கேதான் எல்லோருக்கும் அதிர்ச்சி. கேஸ் நிரப்பிய சிலிண்டரை சைக்கிளிலோ மற்ற இருசக்கர வாகனத்திலோ கொண்டு போகக் கூடாது என்று சிலிண்டர் விதிகளில் இருக்கிறது. கொள்ளளவு 500 மில்லிக்கு மேல் இருந்தால் விதியின்படி அது சிலிண்டர். ஃப்ரிட்ஜுக்கு வாங்கும் சின்ன கேன் இதற்குள் வராது, ஆனால் ஆக்டிவாவின் கால் வைக்கும் இடத்தில் நிற்கிற பத்துக் கிலோ சிலிண்டர் வரும். ஊரில் எத்தனை பேர் அப்படிப் போகிறார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆட்டோவோ சின்ன வேனோ வைத்து, வால்வு மூடியைப் போட்டு, நிமிர்த்திக் கட்டிக்கொண்டு போவதுதான் முறை. மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பஸ், ரயில் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடையில் ஒரு அளவுக்கு மேல் சிலிண்டர் அடுக்கினால் பெசோ உரிமம் வேண்டும், ஒரு கேஸிலிருந்து இன்னொரு கேஸுக்குச் சிலிண்டரை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். "திரும்ப நிரப்பக் கூடாது" என்று அச்சடித்த டிஸ்போசபிள் சிலிண்டரில் வால்வை நோண்டி மறுபடி நிரப்புவது சட்ட விரோதம் என்பது ஒரு பக்கம், அதன் தகடு ஒரு முறைக்கு மட்டும் செய்தது என்பது இன்னொரு பக்கம்.

ஏசி இடம் மாற்றும் வேலை

அதிக கேஸ் வீணாவது இதில்தான். வீடு மாறுகிறவர் கூப்பிடுவார், போகிற ஆள் ஃப்ளேர் நட்டைத் தளர்த்தி "புஸ்"ஸென்று மொத்த கேஸையும் மாடியில் விட்டுவிட்டு, புது வீட்டில் மறுபடி கேஸ் போட்டுக் காசு வாங்குவார். கேஸை அவுட்டோருக்குள்ளேயே பூட்டி எடுத்துப் போகலாம், பத்து நிமிட வேலை. பம்ப் டவுன் என்போம்.

ஏசியை கூலிங்கில் ஓட விடுங்கள், இன்வர்ட்டராக இருந்தால் டெஸ்ட் மோடில். லோ சைடில் கேஜ் மாட்டுங்கள். முதலில் சின்னக் குழாயின் வால்வை, அதாவது லிக்விட் லைனை, ஆலன் கீ போட்டு முழுவதும் மூடுங்கள். முள் இறங்க ஆரம்பிக்கும். பூஜ்ஜியத்தை நெருங்கும்போது பெரிய குழாயின் வால்வையும் மூடிவிட்டு உடனே பவரை நிறுத்துங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே இழுக்க விட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. லைனில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், காற்றும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து அழுத்தப்பட்டால் டீசல் இன்ஜினுக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும், கம்ப்ரசர் வெடிக்கும். அதே காரணத்துக்காக, கம்ப்ரசர் ஓடும்போது குழாயைக் கழற்றவே கூடாது. லீக் என்று தெரிந்த மெஷினில் பம்ப் டவுன் வேண்டாம், கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் ஏற்றும் ரெக்கவரி மெஷினைக் கொண்டு வாருங்கள்.

கேஸை எடுப்பது

கம்ப்ரசர் போன மெஷின், காயில் மாற்ற வேண்டிய மெஷின், பழைய இரும்புக்குப் போகிற மெஷின் எல்லாவற்றிலும் முதலில் கேஸை எடுக்க வேண்டும். இதற்கு ரெக்கவரி மெஷின் வேண்டும், விலை கூடுதல்தான், நாலு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனை. ஆர்-32க்குப் பயன்படுத்துவதாக இருந்தால் எரியும் கேஸுக்கும் ஏற்றது என்று மெஷினில் எழுதியிருக்க வேண்டும்.

ரெக்கவரி சிலிண்டரைக் கேஸுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்-22 இருந்த சிலிண்டரில் ஆர்-410ஏவை ஏற்றினால் இரண்டும் குப்பை, எந்தச் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுலபத்தில் எடுக்காது. சிலிண்டர் கழுத்தில் டெஸ்ட் தேதி பொறித்திருக்கும், தாண்டியிருந்தால் தொடாதீர்கள். காலி எடையும் அங்கேயே இருக்கும்.

நிரப்பும் அளவு 80 சதவீதம், அதற்கு மேல் போகக் கூடாது. இது எடையில் எவ்வளவு என்பதுதான் பலருக்குக் குழப்பம். 12 லிட்டர் சிலிண்டர் என்று வையுங்கள். அதில் 80 சதவீதம் 9.6 லிட்டர். ஒரு லிட்டர் திரவ ஆர்-22, 25 டிகிரியில் ஏறக்குறைய 1.19 கிலோ இருக்கும், ஆகவே 11.4 கிலோ வரை ஏற்றலாம். அதே சிலிண்டரில் ஆர்-32 என்றால் லிட்டருக்கு 0.96 கிலோதான், 9.2 கிலோவோடு நிறுத்த வேண்டும். "போன தடவை பதினொன்று பிடித்ததே" என்று ஏற்றினால், வெயில் ஏறும்போது திரவம் விரிய இடமிருக்காது, சிலிண்டர் தாங்காது.

சிலிண்டரைத் தராசில் வைத்து, ஹோஸ்களை மாட்டி, காலி சிலிண்டராக இருந்தால் முதலில் அதை வாக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து), பிறகு ரெக்கவரி மெஷினை ஓட்டுங்கள். தராசின் எண் ஏறி ஒரு இடத்தில் நிற்கும். லேபிளில் 1.15 கிலோ என்று இருந்து உங்களுக்குக் கிடைத்தது 700 கிராம் என்றால் மீதி 450 கிராம் எங்கோ லீக் ஆகியிருக்கிறது, அந்தக் கணக்கே லீக் தேட வேண்டும் என்பதற்குச் சாட்சி. எடுத்த கேஸ் சுத்தமாக இருந்தால் அதே மெஷினுக்குத் திருப்பிப் போடலாம். கம்ப்ரசர் கருகி ஆசிட் வாடை அடித்தால் தனிச் சிலிண்டரில் வைத்து, பதிவு பெற்ற சுத்திகரிப்பாளருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஊரில் அப்படி ஆள் இல்லை என்றால் நீங்கள் கேஸ் வாங்குகிற டீலரிடமோ கம்பெனி சர்வீஸ் சென்டரிடமோ கேளுங்கள்.

கேஸ் இருக்கிற குழாயில் டார்ச்சைக் காட்டாதீர்கள். ஆர்-22 நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், மூச்சை அடைக்கிற அந்த நெடியைப் பழைய ஆட்கள் பலர் அனுபவித்திருக்கிறார்கள். கம்ப்ரசரிலிருந்து வடிகிற ஆயில் சாக்கடைக்குப் போகக் கூடாது, மூடி போட்ட கேனில் சேர்த்துவைத்து கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி உள்ளவரிடம் கொடுங்கள்.

லீக், வாக்குவம், சார்ஜ்

"தம்பி, கூலிங் கம்மியா இருக்கு, கொஞ்சம் கேஸ் டாப் அப் பண்ணிட்டுப் போங்க" என்பார் வீட்டுக்காரர். ஏசி மூடிய சுற்று, கேஸ் செலவாகித் தீர்கிற பொருள் கிடையாது. குறைந்தால் ஓட்டை. முதலில் ஃபில்டரையும் அவுட்டோர் காயிலையும் கழுவிப் பாருங்கள், பாதி வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். உண்மையிலேயே லீக் என்றால், "சார், இப்போ போட்டாலும் ரெண்டு மாசத்துல போயிடும், லீக்கை அடைச்சுட்டுப் போட்டாத்தான் உங்க காசு மிச்சம்" என்று சொல்லிவிடுங்கள். சில பேர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள், போகட்டும்.

லீக் டெஸ்ட் நைட்ரஜனில் மட்டும். சிலிண்டருக்குள் 150 பார் அளவுக்கு இருக்கும், ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டினால் காயில் கிழியும். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று பக்கத்தில் இருக்கிற பிரேசிங் ஆக்சிஜனை ஏற்றி ஆள் இறந்த வேலை இது, ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சந்தித்தால் தீப்பொறிகூட வேண்டாம். மெஷின் புத்தகத்தில் சொன்ன அழுத்தம் வரை ஏற்றி, ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்பு நுரை தடவி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் வாக்குவம். கொஞ்சம் கேஸை விட்டு காற்றைத் தள்ளி "ஏர் எடுத்துட்டேன்" என்று சொல்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், கேஸும் வீண், ஈரமும் உள்ளேயே நிற்கும். பம்பை ஓட்டி 500 மைக்ரானுக்கு (மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே கொண்டுவந்து, வால்வை மூடி, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண கேஜில் இது தெரியாது, மைக்ரான் கேஜ் வேண்டும்.

சார்ஜ் செய்வது தராசில், லேபிளில் உள்ள எடைக்கு. குழாய் நீளம் கூடினால் மீட்டருக்கு எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். ஆர்-410ஏ என்பது ஆர்-32ம் ஆர்-125ம் பாதிப் பாதி கலந்தது, அதைத் திரவமாகத்தான் போட வேண்டும், சிலிண்டரைக் கவிழ்த்து, மெதுவாக. ஆர்-22 மெஷினில் ஆர்-32ஐ "ட்ரை பண்ணிப் பார்ப்போம்" என்று போடுகிற விளையாட்டெல்லாம் வேண்டாம். அழுத்தமும் வேறு, ஆயிலும் வேறு, போதாக்குறைக்கு அது எரியும் கேஸ்.

எரியும் கேஸ்கள்

இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் ஆர்-600ஏ, சில ஏசிகளில் ஆர்-290. ஒன்று ஐசோபியூட்டேன், மற்றது புரோபேன். ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் 40, 50, 60 கிராம் என்ற அளவில்தான் இருக்கும், ஆனால் மூடிய சமையலறையில் அது போதும். ஜன்னலைத் திறந்து, அடுப்பையும் பூஜை விளக்கையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குழாயை டார்ச்சால் உருக்கிப் பிரிக்காமல் கட்டரால் வெட்டுங்கள், முடிந்தால் நெருப்பில்லாமல் குழாயை இணைக்கும் லாக்ரிங் போட்டு மூடுங்கள்.

ஆர்-600ஏ கிடைக்கவில்லை என்று சமையல் சிலிண்டரிலிருந்து எல்பிஜியைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு எல்பிஜியை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதே எல்பிஜி ஆணைப்படி குற்றம். அதில் வாடைக்குச் சேர்க்கும் கந்தகமும் ஈரமும் கம்ப்ரசரையும் கேப்பிலரியையும் கெடுத்துவிடும் என்பது தொழில் காரணம்.

நோட்டு

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம்: தேதி, மெஷின் மாடல், கேஸ் வகை, எடுத்தது எத்தனை கிராம், போட்டது எத்தனை கிராம், லீக் எங்கே. லேபிளையும் தராசையும் போனில் ஒரு படம். கேஸ் வாங்கிய பில்களை அதே நோட்டில் ஒட்டுங்கள். வாங்கிய கிலோவும் போட்ட கிலோவும் ஏறக்குறைய ஒத்துப் போனால் யார் வந்து கேட்டாலும் பயமில்லை. நாளைக்கு அந்த மெஷினில் வேறு யாராவது கை வைத்து ஏதாவது நடந்தாலும், உங்கள் பக்கம் என்ன செய்தீர்கள் என்பதற்கு அந்தப் பக்கம்தான் ஆதாரம்.

படிப்பும் சான்றிதழும்

ஐடிஐயில் குளிர்பதன, ஏசி மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு போதும். ஏற்கனவே தொழிலில் இருக்கிறவர்களுக்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் செல் வழியாகவும் திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் வழியாகவும் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. 2019ல் வெளியான இந்திய குளிர்வித்தல் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். இடம் கிடைத்தால் விடாதீர்கள், ஆர்-290ஐ ஆசிரியர் முன்னால் கையாண்டு பழகுவது தனி தைரியம்.

வெளிநாடு போகிற எண்ணம் இருக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே கேஸை வேண்டுமென்றே காற்றில் விடுவதே குற்றம். அமெரிக்காவில் ஆர்-22 வகைக்கு 1992லும், ஆர்-134ஏ வகைக்கு 1995லும் அந்தத் தடை வந்துவிட்டது. 1994 நவம்பரிலிருந்து 608 என்ற டெக்னீஷியன் சான்றிதழ் இல்லாமல் கேஸ் சுற்றைத் திறக்கக் கூடாது, சான்றிதழ் இல்லாதவருக்குக் கடையில் சிலிண்டரும் தர மாட்டார்கள். தேர்வு நான்கு பகுதி, பகுதிக்கு 25 கேள்வி, ஒவ்வொன்றிலும் 18 சரியாக இருந்தால் பாஸ். எழுதியவருக்கு அது ஆயுள் முழுவதும் செல்லும். பிரிட்டனில் எஃப்-கேஸ் சான்றிதழ் கேட்பார்கள், அதில் கேஸை எடுத்து, எடை போட்டு, நோட்டில் எழுதுவதைச் செய்முறையாகவே செய்து காட்ட வேண்டும்.